இழுத்துப் பார்ப்பவர்

அவர் முதல் தடவை கடைக்கு வந்தபோது, உட்காரச் சொல்லி ஸ்டூலை நகர்த்தினேன். அவர் உட்காரவில்லை. குனிந்து ஸ்டூலின் ஒரு காலைப் பிடித்து இழுத்தார். பிறகு அடுத்த கால். மூன்றாவது கால் லேசாக ஆடியது. "இது ஆடுதுண்ணா" என்று சொல்லிவிட்டு நின்றபடியே பேச ஆரம்பித்தார். இருபது வருடமாக அந்த ஸ்டூலில் எத்தனையோ பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், யாரும் விழுந்ததில்லை. வீட்டுக்குள் வந்து பானையைத் திறந்து பார்த்ததுபோல எனக்குத் திக்கென்றது. அவர் போனதும் முதல் வேலையாக அந்தக் காலுக்கு ஆணி அடித்தேன்.

அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. பெயர் சொல்லி நான் அவரைக் கூப்பிட்டதே கிடையாது. மேடம் என்றுதான் சொல்வேன், அதையும் அவர் காதில் விழாதபடிதான் சொல்வேன். இப்போது அவர் எங்கள் ஊரில் இல்லை. கடலோரமாக எங்கோ இருப்பதாகக் கேள்வி.

எங்களுடையது மூடிப்போன தங்கச் சுரங்கங்களின் ஊர், என் கடை மைசூர் மைன்ஸ் போகிற ரோட்டில் இருக்கிறது. ஆட்டோவுக்கு டாப், சீட் கவர், லாரிக்குத் தார்ப்பாய், பள்ளிக்கூடப் பை எல்லாம் தைப்பேன். படிப்பு ஐந்தாவதோடு சரி. தமிழை எழுத்துக் கூட்டி வாசிப்பேன். பஸ்ஸில் இருக்கும் கன்னடத்தைப் பழக்கத்தில் கண்டுபிடித்துவிடுவேன். இங்கிலீஷ் எழுத்து தெரியாது. ஆட்களோடு பேசுவது எனக்குச் சின்ன வயதிலிருந்தே கஷ்டம். அதனால் மெஷினைச் சுவரைப் பார்த்துப் போட்டிருக்கிறேன். வருகிறவர்கள் என் முதுகோடு பேசிவிட்டுப் போவார்கள். அவர் மட்டும் சுற்றிக்கொண்டு சுவர்ப் பக்கம் வந்து என் முகத்துக்கு நேரே நின்று பேசினார்.

அவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். அவருடைய அப்பா கனரகத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மகள் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தார். லீவு கிடைக்கும்போதெல்லாம் ராமநாதபுரம் பக்கம் கடற்கரைக்குப் போய் ஒரு விளையாட்டைக் கற்றுக்கொண்டாராம். ஒரு வீட்டுக் கூரை அளவுக்குக் காற்றாடி. அதன் கயிறுகளை இடுப்பு பெல்ட்டில் மாட்டிக்கொண்டு, காலில் ஒரு பலகையை மாட்டிக்கொண்டு, காற்று இழுக்க இழுக்கத் தண்ணீர்மேல் வழுக்கிக்கொண்டு போவது. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்ததும் மகள் வீட்டோடு வந்துவிட்டார். வேலையை வீட்டிலிருந்தே பார்த்தார். இங்கே கடல் இல்லை, பேத்தமங்களா ஏரி இருந்தது.

முதலில் கொண்டுவந்தது முள்ளில் மாட்டிக் கிழிந்த ஒரு காற்றாடி. விரித்தபோது கடை போதவில்லை. பாதித் துணி வாசலைத் தாண்டி ரோட்டுக்குப் போனது. பாராசூட் துணி என்பார்களே, அந்த மாதிரி மெல்லிசு. அதைத் தைக்க எனக்கு இரண்டு நாள் பிடித்தது. வாங்கிக்கொள்ள வந்தவர் தையலைக் கண்ணால் பார்க்கவே இல்லை. "இழுத்துப் பாக்கலாமாண்ணா?" என்று ஒரு முனையை என்னிடம் கொடுத்தார். மறு முனையைக் கையில் சுற்றி, காலை ஊன்றி, வண்டி மாட்டை இழுப்பதுபோல இழுத்தார். இரண்டு நாள் வேலை என் கண் முன்னாலேயே கிழியப் போகிறது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். கிழியவில்லை. "சரி" என்றார். பாராட்டு அவ்வளவுதான்.

அதற்கு முன் தையலை அப்படி இழுத்துப் பார்த்த ஒரே ஆள் என் அப்பா. அவர் மைனில் ஷாஃப்ட் ரிப்பேர் வேலை செய்தவர். ஷாஃப்ட் என்கிற அந்தச் செங்குத்துக் குழிக்குள் பெல்ட்டில் தொங்கிக்கொண்டு மரச் சட்டங்களை மாற்றுவார். ஒவ்வொரு ஷிப்டுக்கும் கிளம்பும் முன் பெல்ட்டை ஜன்னல் கம்பியில் மாட்டி இரண்டு முறை வெட்டி இழுப்பார். ஜன்னல் அதிரும். "இது கழண்டுச்சுன்னா நேரா அடி லெவல்தான்" என்பார். நான் தையல் கற்றுக்கொண்டது அந்த மாதிரி பெல்ட் தைத்துக்கொண்டிருந்த ஒருவரிடம். கழலாமல் தைப்பதுதான் எனக்குத் தெரிந்த தொழில். இந்த விஷயத்தை மறக்காமல் இருங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

அவரிடம் மூன்று காற்றாடிகள் இருந்தன. ஏழு, ஒன்பது, பன்னிரண்டு. சதுர மீட்டர் கணக்கு. எதற்கு மூன்று என்று எனக்குக் கேள்வி இருந்தது, கேட்கவில்லை. அவராகவே சொன்னார். வளர்கிற பிள்ளைக்குச் சட்டை தைத்தால் எப்படித் தைப்பீர்கள் என்று கேட்டார். இரண்டு இஞ்சு கூட விட்டுத் தைப்பேன் என்றேன்.

"இது அப்படியே உல்டாண்ணா. சந்தேகம் வந்துச்சுன்னா சின்னது."

காற்று கம்மியாக இருந்தால் பெரிய காற்றாடி. காற்று ஏற ஏறச் சின்னது. ஆளின் எடையும் சேர்த்தி. ஒரே காற்றில் என்னைப் போன்ற எலும்பனுக்கு ஒரு அளவு, தொப்பை வைத்தவனுக்கு வேறு அளவு. கடல் காற்று ஒரே சீராக வருமாம். எங்கள் பக்கத்துக் காற்று குன்றுகளில் இடித்துக்கொண்டு வருவதால் குத்துக் குத்தாக வரும். நின்று நிதானமாக அடிக்கிற காற்றைப் பார்த்து அளவு எடுக்கக் கூடாது, நடுவில் வருகிற பெரிய குத்தைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும் என்றார். இதையெல்லாம் என்னிடம் எதற்குச் சொல்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. சுவரைப் பார்த்துத் தலையாட்டினேன்.

எதற்கென்று அடுத்த ஞாயிற்றுக்கிழமை தெரிந்தது. காலையில் போன் வந்தது.

"அண்ணா, மேடு எப்படி கீது?"

என் கடை வாசலிலிருந்து சயனைட் மேடு தெரியும், தங்கம் எடுத்த பிறகு கொட்டிய மண் குன்று அது. காற்று எழும்பினால் அதன் மேல் மண் புகைகிற மாதிரி ஓடும். லேசா புகையுது மேடம் என்றேன். அப்படியானால் ஒன்பது, கிளம்பி வாங்க என்றார். நானா என்று கேட்பதற்குள் போனை வைத்துவிட்டார். அந்தக் காற்றாடியைத் தனி ஆளாகக் கிளப்ப முடியாதாம். ஒருவர் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். ஊரில் அந்தத் துணியைத் தொட்டுப் பழகிய ஒரே ஆள் நான்.

தங்கராஜ் ஆட்டோவில் போனோம். தங்கராஜ் என்னோடு ஐந்தாவது வரை படித்தவன், நான் பேசாததையெல்லாம் சேர்த்துப் பேசுகிறவன். அவர் ஆட்டோவில் ஏறும் முன் கைப்பிடிக் கம்பியைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். தங்கராஜ் என்னைப் பார்த்தான். ஏறியதும் சீட்டைத் தட்டினார். "மேடம், டயரையும் கடிச்சுப் பாத்துருங்க, கிளம்பலாம்" என்றான். அவர் சிரித்தார், ஆனால் இறங்கி டயரையும் ஒரு முறை பார்த்தார்.

தண்ணீர் இறங்கியிருந்த பக்கம், எருமைகள் மேய்கிற வெட்டவெளி. அங்கே அவர் நின்று எல்லாப் பக்கமும் பார்த்தார். காற்று போகிற திசையில் மரம், கல், ஆள், கம்பி எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. ஏரிக்கரையின் கல் பரப்பு தூரத்தில் இருந்தது. இன்னும் தள்ளிப் போகலாம் என்று நாற்பது அடி எங்களை நகர்த்தினார். பம்பில் காற்றடித்துக் காற்றாடியின் முன் விளிம்பை நிமிர்த்தினார். கயிறுகளைத் தரையில் ஓடவிட்டு, ஒவ்வொன்றையும் விரலால் தடவிக்கொண்டே கடைசி வரை நடந்தார். பிறகு கையில் ஒரு சின்னக் கருவியைத் தூக்கிப் பிடித்தார். பொம்மை விசிறி மாதிரி அது சுற்றியது.

என் வேலை என்னவென்று சொன்னார். விளிம்பின் நடுவைப் பிடித்து நிற்க வேண்டும். அவர் கயிறின் மறு முனையில், காற்றுக்குக் குறுக்காக நிற்பார். கட்டை விரலைத் தூக்கினால் விட வேண்டும். மேலே எறியக் கூடாது, கையைத் திறந்தால் போதும், காற்றே எடுத்துக்கொள்ளும். விட்டதும் பின்வாங்கி விலகிவிட வேண்டும், கயிறுக்கு அடியில் போகவே கூடாது. இதெல்லாம் சரி. கடைசியாக ஒன்று சொன்னார்.

"நான் நிக்கிற எடத்துலேர்ந்து எல்லாம் தெரியாதுண்ணா. உங்களுக்குத் தப்பா எதுனா தெரிஞ்சா, நான் வெரல தூக்குனாலும் வுடாதீங்க. வாயத் தொறந்து கத்துங்க. கூச்சப்படக் கூடாது."

காற்றை விட எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

அவர் தன் இடத்துக்குப் போய், மாட்டிக்கொண்டு, பெல்ட்டின் முன்னால் இருந்த ஒரு சிவப்புப் பிடியை இழுத்தார். எல்லாம் கழன்று தரையில் விழுந்தது. ஐயோ என்று நான் ஓடப் பார்த்தேன். அவர் நிதானமாகத் திரும்ப மாட்டிக்கொண்டு கட்டை விரலைத் தூக்கினார். கையைத் திறந்தேன். என் தலைக்குமேல் ஒரு சத்தம், தார்ப்பாய் பிய்த்துக்கொண்டு போகிற சத்தம். அவ்வளவு பெரிய பொருள் என் கையிலிருந்து போனதே எனக்குத் தெரியவில்லை. பார்க்கிறபோது அவர் தண்ணீரின் நடுவில் இருந்தார். தங்கராஜ் வாயைத் திறந்தபடி நின்றான். அவன் பேசாமல் நின்று அன்றுதான் பார்த்தேன்.

அப்படிப் போன நாட்கள் குறைவு. திரும்பி வந்த நாட்கள்தான் அதிகம். ஒரு மணி நேரம் பம்ப் அடித்து, கயிறு விரித்து, விசிறியைத் தூக்கிப் பார்த்து, "இன்னிக்கு வேணாண்ணா" என்பார். மறுபடி எல்லாவற்றையும் மடிப்பார். எனக்கு மனசே ஆறாது. இவ்வளவு செய்துவிட்டு எப்படி ஒரு ஆள் சும்மா திரும்பிப் போக முடியும்? ஏரியில் மீன் பிடிக்கிறவர்கள், எருமைக்காரர்கள், கரையில் பைக் நிறுத்தி வேடிக்கை பார்க்கிற பையன்கள், எல்லாரும் சிரிப்பார்கள். மேடம் காத்தாடி வுட வந்தாங்களா, காத்தாட வந்தாங்களா என்று தங்கராஜ் அவர்களோடு சேர்ந்துகொள்வான். அவருக்கு அது உறைத்ததாகவே தெரியாது.

ஒரு நாள், காற்றாடிமேல் பாரம் வைக்கத் தைத்த மணல் பைகளைக் கொடுக்க அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்று கூப்பிடக் கூச்சப்பட்டு அப்படியே நின்றேன். உள்ளே அப்பாவை நடக்க வைத்துக்கொண்டிருந்தார். ஊன்றுகோலின் அடியில் இருக்கிற ரப்பரை இழுத்துப் பார்த்தார். கோலைத் தரையில் ஊன்றித் தன் எடை முழுவதையும் அதன்மேல் போட்டார். பிறகுதான் அப்பாவின் கையில் கொடுத்தார். பெரியவர் வாய் கோணியபடி, "தெனம் பாக்கறா. தெனம். ஒரு நா கூட வுடமாட்டா" என்று என்னிடம் குறை சொன்னார். குறை மாதிரிதான் சொன்னார். கண் வேறு மாதிரி இருந்தது.

கல்யாணம் நிச்சயமாகி நின்றுபோனவர் என்று தங்கராஜ் சொல்லியிருந்தான். மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு நாள் மத்தியானம் போய்ப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று வந்துவிட்டாராம். அங்கே என்ன பார்த்தார் என்று யாருக்கும் தெரியாது. "மாப்ளயயும் இழுத்துப் பாத்துகினு இருப்பாங்க" என்றான். நான் சிரிக்கவில்லை. அப்படியும் ஒருவர் செய்வாரா என்று அன்று முழுக்கத் தையல் கோணிக்கொண்டே போனது.

ஆடி மாதத்தில் அந்த இடுப்பு பெல்ட் கடைக்கு வந்தது. ஓரம் நைந்திருந்தது. இந்த ஓரத்தை மட்டும் தைத்துவிடுங்கள் என்று விரலால் காட்டினார். அப்பாவுக்கு மருந்து வாங்க வேண்டும் என்று அவசரமாகப் போய்விட்டார்.

ஓரத்தைத் தைத்தேன். பெல்ட்டைத் திருப்பியபோது முன்பக்கம் கண்ணில் பட்டது. அங்கே ஒரு வளையம். காற்றாடியின் இழுப்பு முழுவதும் அந்த வளையத்தில்தான். வளையத்தை ஒரு நாடா மடங்கிப் பிடித்திருந்தது, நாடாவின் முனை வெல்க்ரோவில் ஒட்டியிருந்தது. பிடித்து லேசாக இழுத்தேன். சர்ரென்று பிரிந்து வளையம் என் கையோடு வந்தது. அவ்வளவு பெரிய காற்றாடி, அதில் தொங்குகிற ஒரு ஆள், நடுவில் பள்ளிக்கூடப் பைக்குப் போடுகிற வெல்க்ரோ. இது தேய்ந்து பலம் போய்விட்டது, அவர் கவனிக்கவில்லை என்றுதான் நினைத்தேன். நாடாவின்மேல் சிவப்பு எழுத்தில் இங்கிலீஷில் ஏதோ எழுதியிருந்தது.

ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். பக்கத்து மெடிக்கல் ஷாப்பில் காட்டி, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டிருக்கலாம். போனைக் கையில் எடுத்தேன். ஒரு பெண்பிள்ளைக்கு நானாகப் போன் போட்டு, எனக்கு இதைப் படிக்கத் தெரியவில்லை என்று சொல்ல வேண்டும். போனை மெஷின்மேல் வைத்துவிட்டேன். அப்பா ஜன்னலில் மாட்டி இழுத்த பெல்ட் ஞாபகம் வந்தது. தடித்த நைலான் நூலைக் கோத்தேன். நாடாவின் முனையை நாலு பக்கமும் கட்டம் போட்டு, குறுக்கே பெருக்கல் குறி போட்டு, ஷாஃப்ட் பெல்ட்டுக்குப் போடுகிற தையல் போட்டேன். ஜன்னல் கம்பியில் மாட்டி வெட்டி இழுத்தேன். ஜன்னல் அதிர்ந்தது. அன்று சாப்பாடு நன்றாக இறங்கியது. அவர் கேட்காமலே அவர் உயிரைக் காப்பாற்றிவிட்டேன் என்று ஒரு நினைப்பு.

வாங்க வந்தபோது தைத்த ஓரத்தை மட்டும் இழுத்துப் பார்த்துவிட்டு எடுத்துப் போனார். முன்பக்கத்தைப் பற்றி நானும் வாயைத் திறக்கவில்லை. அவராகக் கண்டுபிடித்துச் சந்தோஷப்படட்டும் என்று இருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சயனைட் மேடு கண்ணுக்கே தெரியவில்லை, அவ்வளவு மண். மூன்று வாரம் தொடர்ந்து திரும்பி வந்திருந்தோம். இன்று கட்டாயம் விடுவார்கள் என்று தங்கராஜ் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தான். ஏரியில் நாற்பது ஐம்பது பேர் நின்றார்கள். அவர் விசிறியை வெகுநேரம் பிடித்துப் பார்த்துவிட்டு ஏழு மீட்டரை எடுத்தார். கூட்டத்தில் ஊளை.

"இன்னா மேடம், இவ்ளோ காத்துக்கு கைக்குட்டய எடுக்கறீங்க? பெருச எடுங்க" என்றான் ஒருவன்.

"பெருசு உனக்குதான். உன்னக் கட்டி வுட்டா ஆந்திரா பார்டர்ல எறங்கிக்கலாம்" என்றார் அவர். கூட்டம் அவன் பக்கம் திரும்பிச் சிரித்தது.

நான் விளிம்பைப் பிடித்து நின்றேன். காற்று என்னையே ஆட்டியது. அவர் மறு முனையில் மாட்டிக்கொண்டார். எப்போதும்போல் சிவப்புப் பிடியை இழுத்தார்.

கழலவில்லை.

மறுபடி இழுத்தார். இரண்டு கையாலும் இழுத்தார். குனிந்து பார்த்தார். அவ்வளவு தூரத்திலிருந்தும் என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடிந்தது. கழல வேண்டும். ஒவ்வொரு தடவையும் அது கழன்று விழுந்ததை நான் என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். அந்தச் சிவப்புப் பிடியை இழுத்தால் பிரிய வேண்டியது நான் தைத்த அதே நாடாதான் என்று அந்த நிமிஷம்தான் எனக்கு உறைத்தது.

கீழே போடச் சொல்லிக் கை காட்டினார். காற்றாடியைக் குப்புறப் போட்டு, நான் தைத்துக் கொடுத்த மணல் பையை அதன்மேல் வைத்தேன். எப்போதும் இரண்டு பை வைப்பது வழக்கம். ஒன்றுதான் வைத்தேன், மற்றதை எடுக்கத் தோன்றவில்லை. அவர் பெல்ட்டைக் கழற்றிக்கொண்டு நடந்து வந்தார். தையலைக் காட்டினார்.

"இத நீங்க போட்டீங்களா?"

தலையாட்டினேன்.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம். பெல்ட்டை என் இடுப்பில் மாட்டினார். வளையத்தில் ஒரு கயிறைக் கட்டினார். தங்கராஜையும் இன்னும் மூன்று பேரையும் கூப்பிட்டு, கரைக் கல்லைப் பார்த்து இழுக்கச் சொன்னார். கூட்டம் சுற்றி வந்து நின்றது. அத்தனை பேர் நடுவில் நான் நின்றது என் கல்யாணத்துக்குப் பிறகு அன்றுதான்.

இழுத்தார்கள். நான் காலை ஊன்றிப் பார்த்தேன். மண்ணில் இரண்டு கோடு விழுந்தது. "செவப்ப இழுங்கண்ணா" என்றார். இழுத்தேன். வரவில்லை. தங்கராஜ் முதலில் சிரித்துக்கொண்டுதான் இழுத்தான். என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பு நின்றது, ஆனால் அவர் நிறுத்தச் சொல்லவில்லை. விழுந்தேன். விழுந்த பிறகும் இழுத்தார்கள். சிவப்புப் பிடியைப் பிடித்து நான் இழுத்த இழுப்பில் நகம் பிய்ந்தது. என் தையல். ஒரு நூல்கூட நெகிழவில்லை. அவ்வளவு நல்ல தையல்.

போதும் என்றார். என் பக்கத்தில் குந்தினார்.

"நாலு பேரு இழுத்ததுக்கே இது. காத்து நிக்காதுண்ணா. பெல்ட்டு கழண்டா உங்கப்பாவுக்கு சாவு. எனக்குக் கழலலன்னா சாவு."

அப்பாவைப் பற்றி நான் எப்போது அவரிடம் சொன்னேன் என்று ஞாபகம் இல்லை. ஸ்டூலுக்கு ஆணி அடித்த வாரமாக இருக்கலாம்.

எழுதி இருந்துச்சேண்ணா, படிக்கலயா என்று கேட்டார். எனக்குப் படிக்க வராது, கேட்கக் கூச்சமாக இருந்தது என்று சொன்னேன். கூட்டம் கேட்டுக்கொண்டிருந்தது. இத்தனை வருடம் முதுகைக் காட்டி மறைத்து வைத்ததை ஏரி நடுவில் ஐம்பது பேருக்கு முன்னால் சொல்லிவிட்டேன். யாரும் சிரிக்கவில்லை. அவர்தான் அடி வாங்கினவர்போல் என்னைப் பார்த்தார். பிறகு நாடாவைத் திருப்பி, அந்த எழுத்தின்மேல் விரலை வைத்து, இதை இழுத்தால் கழல வேண்டும், தைக்காதே என்று எழுதியிருக்கிறது என்று மெதுவாகப் படித்துக் காட்டினார்.

"நான் முன்னாடியே படிச்சுக் காட்டிருக்கணும். இன்னிக்கு வேணாம்."

கயிறுகளைக் காற்றாடியிலிருந்து கழற்றிச் சுற்ற ஆரம்பித்தார். அப்போதுதான் அந்தக் குத்து வந்தது. சத்தம் முதலில் வந்தது, எருமைகள் தலையைத் தூக்கின. ஒற்றை மணல் பை உருண்டு விழ, ஏழு மீட்டர் காற்றாடி ஆள் இல்லாமல், கயிறு இல்லாமல், தரையோடு சீறிக்கொண்டு போய்க் கரைக் கல்லில் மோதியது. தூக்கி மறுபடி மோதியது. மூன்றாவது மோதலில் கிழிகிற சத்தம் எங்களுக்கே கேட்டது. நாங்கள் நின்ற இடத்திலிருந்து அந்தக் கல்வரை பத்து மூச்சுகூட ஆகவில்லை. தங்கராஜ் என் தோளைப் பிடித்துக்கொண்டான். கிளப்பியிருந்தால் அந்தக் கயிறின் முனையில் அவர் இருந்திருப்பார். சிவப்புப் பிடியை இழுத்திருப்பார். நல்ல தையல், கழன்றிருக்காது. இன்றைக்கும் மெஷினில் கால் வைக்கும்போது திடீரென்று அந்தச் சத்தம் கேட்கும், கால் நின்றுவிடும்.

தையலை அவர் முன்னால் உட்கார்ந்து பிரித்தேன். ஒவ்வொரு நூலையும் பிளேடால் அறுத்து எடுத்தேன். புது வெல்க்ரோ அவரே வரவழைத்திருந்தார், எங்கே தைக்க வேண்டும், எங்கே தைக்கக் கூடாது என்று சாக்பீஸால் கோடு போட்டுக் காட்டினார். கல்லில் கிழிந்த காற்றாடியையும் தைத்தேன். இனி வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார் என்று நினைத்தேன். அதுதான் நியாயம்.

ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. "மேடு எப்படி கீது?"

நான் வரல மேடம், வேற யாராவது பிடிக்கட்டும் என்றேன்.

"மத்தவங்கள நான் இன்னும் இழுத்துப் பாக்கல. உங்கள பாத்துட்டேன். வாங்க."

அந்தப் பேச்சில் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என்ன பார்த்தார்? தப்பு செய்தவனைப் பார்த்தார், படிக்கத் தெரியாதவனைப் பார்த்தார். போனேன். அன்று ஏரியில் போன வாரத்தை விடக் கூட்டம். பெல்ட்டை முதலில் நான் மாட்டி இழுத்தேன், கழன்றது. அவர் மாட்டி இழுத்தார், கழன்றது. ஒன்பது. காற்று சீராக இருந்தது. பையன்கள் பாட்டுப் போட்டு, போனைத் தூக்கிப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

விளிம்பைப் பிடித்து நின்றேன். அவர் மறு முனையில் நின்று கட்டை விரலைத் தூக்கினார்.

கையைத் திறக்கப் போனவன் கயிறுகளை ஒரு முறை பார்த்தேன். நான்கு கயிறில் மூன்று காற்றில் நிமிர்ந்திருந்தன. நான்காவது நடுவில் தரையோடு கிடந்தது. புல்லுக்குள் எருமை கட்டுகிற முளை ஒன்று, கயிறு அதற்கு அடியில் போயிருந்தது. அவர் நிற்கிற இடத்திலிருந்து அது தெரியாது.

சொல்ல வேண்டும். வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. விரல் தூக்கியபடியே இருந்தது. விடு டெய்லரு என்று கூட்டத்தில் யாரோ கத்தினார்கள். தங்கராஜ் சிரித்தான். போன்களெல்லாம் என் பக்கம் திரும்பின. வேணாம் என்றேன். அது என் உதட்டைத் தாண்டவில்லை. காற்றாடி என் கையில் உதறியது. அந்தக் கல்லில் துணி கிழிந்த சத்தம் எனக்குக் கேட்டது.

"வேணாம் மேடம். வெரல எறக்குங்க. கயிறு மாட்டிகினு கீது."

அது என் குரல். எருமைக்காரர் திரும்பிப் பார்த்தார். பாட்டை யாரோ நிறுத்தினார்கள். எனக்கே அது யாரோ பின்னால் நின்று கத்தியதுபோல் இருந்தது.

அவர் விரலை இறக்கினார். மாட்டியதைக் கழற்றிப்போட்டுவிட்டு நடந்து வந்தார். முளையைப் பார்த்தார், கயிறைப் பார்த்தார், நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கயிறை எடுத்து இந்தப் பக்கம் போட்டார். பிறகு குனிந்து, அந்த முளையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுத் திரும்பிப் போனார்.

மறுபடி மாட்டினார். சிவப்பை இழுத்தார், விழுந்தது. மாட்டினார். விரலைத் தூக்கினார். நான் நான்கு கயிறையும் முனையிலிருந்து முனைவரை பார்த்தேன். கல்லைப் பார்த்தேன். கூட்டத்தைப் பார்த்தேன், ஒருவர்கூட விடு என்று சொல்லவில்லை. கையைத் திறந்தேன்.

தங்கராஜ் பக்கத்தில் வந்து, "இன்னா டெய்லரு, உனக்கு கத்தக் கூட வருமா?" என்றான். அவர் ஏரியின் அந்தக் கோடிக்குப் போய்விட்டிருந்தார். என் கை இரண்டும் பிடித்தது பிடித்தபடியே, ஒன்றுமில்லாத காற்றில், வெகுநேரம் அப்படியே நின்றன.